அக்காவின் வெண்கல டம்ளர்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் முடிகிற இந்த நாளில், எங்கள் வீட்டு முற்றத்தில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிற பொறுப்பு என் கைக்கு வந்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் தலை இடது தோள் பக்கம் சாய்ந்திருக்கும். வாய் சிரிப்பில் ஒருபுறம் கோணியிருக்கும். அச்சகத்தில் இருந்த தம்பி, கம்ப்யூட்டரில் தலையை நிமிர்த்தி வாயையும் சரி செய்து தரட்டுமா, எல்லோருக்கும் அப்படித்தான் செய்து கொடுக்கிறோம் என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"வேண்டாம் மக்கா. பிள்ள எப்படி இருந்தாளோ அப்படியே போடு" என்றார் அம்மா.

அம்மா அப்படிச் சொன்னதற்குப் பின்னால் பல வருடக் கதை இருக்கிறது. அக்காவின் வாழ்க்கை என்று நான் எழுத வேண்டியதும் பெரும்பாலும் அந்தக் கதைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்கா உயிரோடு இருந்தபோது பலரும் 'அது சாப்பிட்டுச்சா, அது தூங்குதா' என்றே கேட்பார்கள். மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல், பழக்கத்தில் வருவது. வீட்டில் நான் அக்காவை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் இந்தப் பக்கங்களில் அவருக்குரிய மரியாதையோடுதான் எழுதுவேன்.

அக்காவின் சொந்த ஊர் கொட்டாரம். கடைத்தெருவைத் தாண்டி, வயலை ஒட்டி இருக்கும் இதே வீடு. அம்மாவுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து வெகுநேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிள்ளை பிறந்தவுடன் அழவில்லை. அந்த முதல் அழுகை வரத் தாமதமானதில் மூளைக்குக் காற்று போகாமல், கை கால்களை அடக்கி ஆளும் இடம் கெட்டுப்போயிற்று என்று நான் பெரியவன் ஆன பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். மூளை முடக்குவாதம் என்று அதற்குப் பெயர். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று அம்மாவிடம் யாரும் பெயர் சொல்லவில்லை. போகப்போகச் சரியாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் போகப்போகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்து நிற்கவில்லை. உட்காரவில்லை. கையை ஒரு பொருளுக்கு நீட்டினால் கை வேறெங்கோ போகும்.

அப்பா கடைத்தெருவில் சுமடு தூக்குகிற தொழிலாளி. அரிசி மூட்டை, சிமெண்டு மூட்டை, உர மூட்டை என்று லாரியில் வருவதை எல்லாம் கடைக்குள் இறக்குவார். பாரம் ஏற்றுவதற்கு முன்னால் துண்டை வளையமாகச் சுற்றித் தலையில் வைப்பார்களே, அந்தச் சும்மாடு எந்நேரமும் அப்பாவின் தோளில் கிடக்கும். அக்காவை உட்கார வைக்கிற மாதிரி நாற்காலி வீட்டில் கிடையாது. பழைய துண்டுகளில் பெரிதும் சிறிதுமாகச் சும்மாடு சுற்றி, கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று என்று அண்டை கொடுத்து, சுவரோடு சாய்த்து உட்கார வைப்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். "வாரம் பூரா தூக்குதீரு, ஞாயித்துக்கிழமையாவது இறக்கி வையும் ஓய்" என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்களாம். இது கூலி இல்லாத சுமடு, இதுக்கு லீவு கிடையாது என்பாராம் அப்பா.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் எல்லோரும் வட்டக்கோட்டைக்குப் போனோம். அப்பா கடையிலிருந்து மூட்டை தள்ளும் கைவண்டியை இரவல் வாங்கி, அதில் பாயை விரித்து அக்காவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். கோட்டையின் மேலே ஏறுவதற்குக் கல் பாவிய அகலமான சரிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் பீரங்கியை உருட்டிக்கொண்டு போகப் போட்டது என்றார்கள். வண்டியை விட்டு இறங்காமலே அக்கா உச்சிக்குப் போய்விட்டார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். அக்கா போட்ட சத்தத்தில் சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பீரங்கிக்கு வழி போட்டிருக்கான் பாரு. ஆஸ்பத்திரி கட்டுனவனுக்குத் தோணல்ல" என்று சொல்லிக்கொண்டே அப்பா மூச்சு வாங்கினார்.

அக்காவின் பேச்சு வெளியாட்களுக்குப் புரியாது. ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். எங்களுக்கு மட்டும் புரியும். புரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அக்காவின் நாக்கு எவ்வளவு பொல்லாதது என்று. நான் சத்தம் போட்டு இங்கிலீஷ் பாடம் படித்தால் கோழி கொக்கரிப்பது போலக் கொக்கரிப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏலே கலெக்டரு" என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு மதிப்பெண் குறைந்த அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார். அன்று கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

சுனாமி வந்துபோன மறு வருடம் எங்கள் வீட்டுக்கு டீச்சர் வந்தார்.

பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. அதில் வேலை பார்த்த சிறப்பாசிரியை அவர். வாரம் ஒருமுறை, புதன்கிழமை வருவார். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயதுக்குள் இருக்கும். முதல் நாள் அவர் செய்த ஒரு காரியத்தை அம்மா இன்றைக்கும் சொல்வார். வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்து, இது பேசுமா, இதுக்கு விவரம் தெரியுமா என்று கேட்பது வழக்கம். டீச்சர் தரையில் அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நீ சொல்லு, உனக்கு என்ன செய்யணும்னு ஆச?" என்று அக்காவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அக்கா கழுத்தை இழுத்து, கண்ணை இறுக்கி மூடி, வெகுநேரம் எடுத்து ஒரு சொல் சொன்னார்.

"சாயா."

சாயா வேண்டுமென்று கேட்கிறாள் என்று அம்மா அடுப்புக்குப் போகப் புறப்பட்டார். அக்கா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். தானாகக் குடிக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் அம்மா கரண்டியில் கோரித்தான் ஊற்றுவார். எல்லோரும் டம்ளரைக் கையில் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பதைப் பதினான்கு வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் அக்கா.

பாடம் அங்கே தொடங்கியது. எவர்சில்வர் டம்ளர் சரிப்படவில்லை. கையில் கொடுத்தால் பறந்துபோகும். கனமான பாத்திரமாக இருந்தால் கையின் உதறல் கொஞ்சம் அடங்கும் என்றார் டீச்சர். அப்பாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த வெண்கல டம்ளரை அலமாரி மேலிருந்து எடுத்து, சூடு ஏறாமலும் வழுக்காமலும் இருக்க அதன் இடுப்பில் துண்டுத் துணியால் ஒரு குட்டிச் சும்மாடு சுற்றிக் கட்டினார். முதலில் அதில் மணல். பிறகு தண்ணீர். முழங்கைக்கு அடியில் ஒரு சும்மாடு, நெஞ்சோடு சேர்த்து ஒன்று. டீச்சர் காட்டிக்கொடுத்ததை வாரம் முழுவதும் அம்மா செய்ய வேண்டும். ஒருமுறை தூக்கி வைக்க அரைமணி நேரம் ஆகும். பாதிநாள் சட்டை நனைந்துபோகும். அக்காவுக்குக் கோபம் வந்தால் டம்ளரை வேண்டுமென்றே தள்ளிவிட்டு, "சவம் போட்டும்" என்று திட்டுவார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணால் அதையே காட்டுவார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாய் வரைக்கும் கொண்டுபோய்ச் சாயா குடித்தார். பாதி கழுத்து வழியே இறங்கியது. மீதி உள்ளே போயிற்று. குடித்துவிட்டு, சீனி குறைவு என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் படம் எடுத்தார். அட்டையில் நீங்கள் பார்க்கும் படம் அதுதான். டம்ளர் படத்தின் விளிம்புக்குக் கீழே போய்விட்டது, அதனால் தெரியாது.

அதற்குப் பிறகு புதன்கிழமைகள்தான் அவருடைய பண்டிகை நாட்கள். காலையிலேயே பவுடர் போட வேண்டும். போன வாரம் போட்ட உடுப்பை மறுபடி போட்டால் பெகளம், ஒரே கூப்பாடு. ஆட்கள் வருவதென்றால் அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து மூட்டை இறக்குகையில் பலகை நழுவி அப்பா விழுந்தார். முதுகெலும்பில் அடி. அதற்குப் பிறகு அப்பா சுமடு தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பதே பெரிய காரியம் என்று ஆயிற்று. நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை நிறுத்துகிறேன் என்று சொன்னபோது கட்டிலில் கிடந்தபடி அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். அம்மா கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கவும் அறை பெருக்கவும் போக வேண்டிய நிலை வந்தது. போனால் அக்காவை யார் பார்ப்பது?

என் தாய்மாமன் வந்தார். அவர் கொத்தனார். எங்கள் குடும்பத்துக்கு ஆபத்து என்றால் முதலில் வந்து நிற்கிறவர். தூரத்தில் ஓர் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், கட்டில் உண்டு, நேரத்துக்குச் சாப்பாடு உண்டு, சுத்தமாகத்தான் இருக்கிறது என்றார். பிள்ளையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, தங்கச்சி நீ ஒடிந்து விழுந்தால் மூன்று பேரையும் யார் தூக்குவது என்று கேட்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மாமா எழுந்து போகிற நேரத்தில்தான் பேசினார். "நான் போவமாட்டேன்" என்றார். வெளியாட்களுக்குப் புரியாத அக்காவின் பேச்சு அன்று மாமாவுக்குத் தெளிவாகப் புரிந்தது. அவர் செருப்பைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

டீச்சர்தான் வழி சொன்னார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கிற குடும்பத்துக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது, மனு போடுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு செய்வார்கள் என்றார். அது கிடைத்தால் அம்மா முழுநாள் வேலைக்குப் போக வேண்டாம். அரைநாள் வேலையும் அதுவும் சேர்ந்தால் சமாளிக்கலாம். அக்கா வீட்டிலேயே இருக்கலாம். மனு போட்டோம். வருகிறோம் என்று தகவல் வந்தது. அந்த நாளில் டீச்சருக்கு வேறு ஊரில் வேலை.

இனி நடந்ததை எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அரசாங்கத்திலிருந்து பெரிய மனுஷர்கள் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா சுவருக்கு வெள்ளையடித்தார். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினார். கொடியில் கிடந்த அக்காவின் ஈரத்துணிகளை எல்லாம் உருவினார். அக்கா படுக்கிற ரப்பர் ஷீட்டையும் வாளியையும் மூத்திர வாடை அடிக்கிற பாயையும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், தென்னை ஓலை போட்டு மூடினார். விடியற்காலையிலேயே அக்காவைக் குளிப்பாட்டி, கிறிஸ்துமசுக்குத் தைத்த சுடிதாரைப் போட்டு, ரிப்பன் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க அப்பாவின் துண்டால் இடுப்பைக் கட்டி, கட்டு தெரியாமல் துப்பட்டாவால் மூடினார். 'வாங்க சார், இருங்க' என்று சொல்ல அக்கா நாலைந்து நாளாகப் பழகியிருந்தார்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். அக்கா, வாங்க சார் இருங்க என்றார். எங்களுக்கே ஆச்சரியம், அவ்வளவு தெளிவாக வந்தது. அம்மா எல்லோருக்கும் சாயா கொண்டுவந்தார். அக்கா தன்னுடைய டம்ளரைக் கேட்டார். வெண்கல டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கை உதறவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. நாங்கள் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கட்டிலில் கிடந்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அழுகை வந்துவிட்டது. "பிள்ள நல்லா இருக்கே, நல்லா வளத்திருக்கீங்க" என்று அதிகாரி மனம் நிறைந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் வீட்டில் கல்யாணக் களை.

பிறகு பதில் வந்தது. பாதிப்பு கடுமையானது அல்ல, தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளக்கூடியவர் என்று முடிவாகியிருந்தது.

அடுத்த புதன்கிழமை டீச்சர் வந்து நடந்ததை எல்லாம் கேட்டார். அப்புறம், ரப்பர் ஷீட்டை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"வீட்டுக்கு ஆள் வரும்போ அத முன்னால போடுவாங்களா டீச்சர்?" என்றார் அம்மா.

"அவங்க விருந்தாளி இல்லம்மா."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் நல்லாக் குடிச்சேன் இல்லா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

"நல்லாக் குடிச்ச மக்கா. நல்லாக் குடிச்ச" என்றார் டீச்சர்.

மறுபடி மனு போட்டோம். அது வரிசையில் கிடந்தது. அம்மா லாட்ஜ் வேலைக்குப் போனார். சபையில் உள்ள அக்காமார் சிலர் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு பகலில் வந்து அக்காவோடு இருந்தார்கள். திருப்பிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் பார்த்தார்கள். இல்லத்துப் பேச்சை மாமா ஒத்திவைத்தாரே தவிர விடவில்லை. அரசாங்கம் இரண்டாவது தடவையும் இல்லை என்றால் நான் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று அம்மாவிடம் வாக்கு வாங்கினார். அம்மாவும் வேறு வழியில்லாமல் கொடுத்தார். அக்காவுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் விதிப்படி டீச்சரின் புதன்கிழமைகளும் நின்றன. கடைசிப் புதன்கிழமை அக்கா டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடுவிக்க முடியவில்லை. விரல்கள் ஒருமுறை இறுகினால் அக்காவே நினைத்தாலும் சீக்கிரம் விரியாது. ஆனால் அன்று அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க அம்மா ஓடுவார். ஒரு டம்ளர் சாயாவை அக்கா தானே குடிக்க அரைமணி நேரம் வேண்டும். கரண்டியால் கோரி ஊற்றினால் சட்டென்று முடிந்துவிடும். அம்மா கரண்டியால் ஊற்றினார். முறைக்கு வருகிற அக்காமாரும் பாவம், தங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள், அவர்களும் கரண்டியால்தான் ஊற்றினார்கள். வெண்கல டம்ளர் அலமாரி மேல் ஏறியது. அக்கா முதலில் கண்ணால் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு காட்டுவதையும் விட்டுவிட்டார்.

இதற்கிடையில் நாங்கள் போய்வந்த அலுவலகத்தின் பலகையில் ஊனமுற்றோர் என்பதை அழித்துவிட்டு மாற்றுத்திறனாளிகள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல சொல் என்று வீட்டில் வந்து சொன்னேன். பலகையை மாற்றின கையோடு வாசல் படியையும் மாற்றியிருக்கலாம் என்றார் அப்பா. அம்மா அந்தப் படியில் அக்காவை இடுப்பில் வைத்து ஏறியது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. இந்தமுறை யாரும் வெள்ளையடிக்கவில்லை. நாற்காலி வாங்கவில்லை. ரப்பர் ஷீட், வாளி, பாய் எல்லாம் அதனதன் இடத்தில் கிடந்தன. மாமா காலையிலேயே வந்துவிட்டார். அக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இன்றைக்கு ஒன்றையும் தூக்கக்கூடாது, வாங்க இருங்க என்று ஒன்றும் சொல்லக்கூடாது, கையை அப்படியே போட்டுக்கொண்டு இரு, உனக்காகத்தான் சொல்கிறேன் என்று கெஞ்சுவது போலச் சொன்னார். அக்கா அவரை முறைத்தார். மாமா நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே கலெக்டரு. நான் தூக்குவேன்."

அவர் தூக்கினால் இந்த வீட்டில் அவர் இருக்க முடியாது. அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். வீட்டில் எல்லோரும் பயந்து போனோம். அம்மா அழுதார். அப்பா மட்டும் கட்டிலிலிருந்து, அவள் இஷ்டம்போல் செய்யட்டும், நடிக்கச் சொல்லி வாங்குகிற உதவி வேண்டாம் என்றார்.

இந்தமுறை வந்தது ஒரு அம்மையார். அம்மா சாயா கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அலமாரியின் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி அலமாரியைப் பார்த்தார். பிள்ளை எதையோ கேட்கிறதே, என்ன என்று அந்த அம்மையார் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக் குடுல" என்றார் அப்பா.

எடுத்தேன். தூசியைத் துடைத்துச் சாயா ஊற்றி, முழங்கைக்கு அடியில் சும்மாட்டை வைத்து, அக்காவின் இரண்டு கைக்கும் நடுவில் கொடுத்தேன். அக்கா கண்ணை இறுக்கி மூடினார். டம்ளர் மடியிலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. உதறியது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அப்புறம் கை தனக்குத் தோன்றிய பக்கம் போய்விட்டது. சாயா அக்காவின் மேலும் அந்த அம்மையாரின் சேலை மேலும் சிதறியது. டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அந்த அம்மையார் கோபப்படவில்லை. தன் கைக்குட்டையால் முதலில் அக்காவின் கழுத்தைத் துடைத்துவிட்டார். பாயைப் பார்த்தார், முதுகில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்த்தார், அம்மாவிடம் நிறையக் கேட்டார். எழுதிக்கொண்டு போனார்.

அவர் தெருத் திரும்பியதும் மாமா உள்ளே வந்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. "கெட்டிக்காரி. என்னமா நடிச்சா பாத்தியா, நானே ஏமாந்துட்டேன்" என்றார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். முறைப்பெல்லாம் முறைத்துவிட்டுக் கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார் என்று நினைத்தோம். அம்மா அக்காவின் சட்டையை மாற்றிக்கொண்டே, நல்லா நடிச்ச மக்கா, என் தங்கமே என்று கன்னத்தைத் தடவினார்.

"நடிக்கல்ல" என்றார் அக்கா.

அம்மாவின் கை நின்றுவிட்டது. மாமா மெல்லக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த டம்ளரை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்து, அக்காவின் மடியில் வைத்தார்.

உதவித்தொகை கிடைத்தது. தூக்க முடிந்த அன்று கிடைக்காதது, தூக்க முடியாத அன்று கிடைத்தது. அதற்காக நான் அரசாங்கத்தைக் குறை சொல்லி எழுத வரவில்லை. அது கிடைத்ததால்தான் அம்மா லாட்ஜ் வேலையை அரைநாளாகக் குறைத்தார். அது கிடைத்ததால்தான் இல்லத்துப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அக்கா உயிரோடு இருந்த வருடங்கள் எல்லாம் இந்த வீட்டில், வயல் தெரிகிற அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தார். ஆனால் இடையில் போன காலத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமாகவே வந்து பழையபடி தொடங்கிப் பார்த்தார். தசை இறுகிவிட்டது, கொஞ்சம் வரும், பழைய அளவுக்கு வராது என்று ஒளிக்காமல் சொன்னார். கொஞ்சம் வந்தது. அம்மா முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தால் அக்கா டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோவார். அம்மா அதற்குமேல் கரண்டியைத் தொடவில்லை. அரைமணி ஆனாலும் ஒருமணி ஆனாலும் உட்கார்ந்திருப்பார்.

நான் படிப்பை முடித்து நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு அக்காவின் முன்னால் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. கலெக்டர் ஆபீசு பியூன்" என்றார். வீடே சிரித்தது.

போன வருடம் ஐப்பசி மழையில் அக்காவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தோம். மூச்சுக்கு நடுவில் 'வீடு' என்ற ஒரு சொல்லைத்தான் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டரும் ஒளிக்காமல் பேசிவிட்டு அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மழை விட்டு வெயில் வந்திருந்தது. அம்மா சாயா போட்டு, துணியில் நனைத்து அக்காவின் உதட்டில் தொட்டுவிட்டார். அக்காவின் கண் டம்ளரைத் தேடியது. கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தோம். தூக்கவில்லை. வைத்துக்கொண்டிருந்தார். சாயாவின் சூடு ஆறுவதற்குள் அக்காவின் மூச்சு அடங்கியது.

பெட்டிக்குள் அக்காவைக் கிடத்தியபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டைச் சுற்றிச் சும்மாடு ஆக்கி, அக்காவின் கழுத்துக்கு அடியில் வைத்து, தலை எப்போதும் சாயும் பக்கம் சாய்த்துவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணினால் எனக்கு வார்த்தை போதாது. எங்கள் அக்காவிடம், உனக்கு என்ன ஆசை என்று முதன்முதலில் கேட்ட டீச்சருக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. முறை வைத்து வந்து பார்த்துக்கொண்ட சபையின் அக்காமாருக்கு நன்றி. உங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்கள் என்பதை அம்மா மறக்கவில்லை. கைக்குட்டையால் அக்காவின் கழுத்தைத் துடைத்த, பெயர் தெரியாத அந்த அம்மையாருக்கு நன்றி. கடைசி நாட்களில் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், பெட்டி சுமந்த கடைத்தெருச் சுமட்டுத் தொழிலாளர் எல்லோருக்கும் நன்றி.

மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த டம்ளரை மடியில் வைத்துவிட்டுப் போனவர், மறுநாள் சிமெண்டும் மணலுமாக வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் எங்கள் வாசல் படியை உடைத்துவிட்டுச் சரிவு போட்டுக் கொடுத்தார். அதில், பின்னால் கிடைத்த சக்கர நாற்காலியில் இறங்கித்தான் அக்கா அதற்குப் பிறகு ஆராதனைக்குப் போனார். இன்று நீங்கள் எல்லோரும் ஏறி வந்ததும் அதன் வழியாகத்தான். அக்காவின் பெட்டியும் அதன் வழியாகத்தான் இறங்கிப் போயிற்று.

ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் சாயா உண்டு. அம்மா தன் கையால் போடுகிறார், சீனி கூட்டித்தான் இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று யாரும் நின்றபடியே குடித்துவிட்டு ஓட வேண்டாம். உட்கார்ந்து, பையக் குடித்துவிட்டுப் போங்கள்.